குன்னூர் மலையில் எலி வளர்த்த டாக்டர்

சென்னை சென்ட்ரலில் இருந்து இரவில் புறப்படுகிறது நீலகிரி எக்ஸ்பிரஸ். திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் அது நிற்பதில்லை. பிளாட்பாரத்தில் நிற்பவர்களுக்கு ஒரு காற்று, ஒரு சத்தம். அவ்வளவுதான். விடிந்தால் மேட்டுப்பாளையம். அங்கிருந்து பல்சக்கர ரெயில், காடும் பாறையுமாக ஏறி, குன்னூரில் கொண்டுபோய் விடும்.

அந்தக் குன்னூரில் ஒரு காலத்தில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் இருந்தார். வெள்ளை எலிகளை ஆயிரக்கணக்கில் வளர்த்தார். சில எலிகளுக்குச் சப்பாத்தியும் வெண்ணெயும் கொடுத்தார். சில எலிகளுக்கு நம் ஊர்ச் சோறும் பருப்பும் கொடுத்தார். காப்பிகூடக் கொடுத்தார்! பிறகு ஒவ்வொரு எலியையும் தராசில் நிறுத்தினார். செத்த எலிகளை அறுத்துப் பார்த்தார்.

அவர் பெயர் சர் ராபர்ட் மெக்காரிசன்.

திருமுல்லைவாயில், அம்பத்தூர், ஆவடி பக்கத்தில் எந்தத் தெருவில் விசாரித்தாலும், காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை விழுங்கும் பெண்கள் இருப்பார்கள். அந்தத் தைராய்டைத் தேடிப் போனவர்தான் மெக்காரிசன். மலை மலையாக அலைந்தார். தன் கழுத்தையே பணயம் வைத்தார். பல உண்மைகளைக் கண்டார். ஒரு பெரிய விஷயத்தில் தவறவும் செய்தார்.

பட்டாளத்து டாக்டர்

அயர்லாந்தின் வடக்கே போர்ட்டடவுன் என்று ஓர் ஊர். அங்கே 1878-ம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி மெக்காரிசன் பிறந்தார். பெல்பாஸ்ட் நகரத்தில் மருத்துவம் படித்தார். 1900-ம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார்.

அந்தக் காலத்தில் படித்த இளைஞர்களுக்கு இந்தியா என்றால் ஒரு மோகம். உத்தியோகம் உண்டு, கவுரவம் உண்டு, ஊர் சுற்றவும் வாய்ப்பு உண்டு. மெக்காரிசன் இந்திய மருத்துவ சர்வீசில் சேர்ந்தார். 1901-ல் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 23.

அவரை அனுப்பிய இடம் சித்ரால். இந்தியாவின் வடமேற்கு மூலை. இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. சுற்றிலும் பனிமலை. கணவாய்களைக் காக்கும் சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்ப்பது அவர் வேலை.

அங்கே கோடைக்காலத்தில் சிப்பாய்களுக்கு ஒரு காய்ச்சல் வரும். மூன்று நாள் ஆளை அடித்துப்போடும். பிறகு போய்விடும். எல்லோரும் அதை மலேரியா என்று நினைத்தார்கள். மெக்காரிசன் அப்படி நினைக்கவில்லை. அது வேறு ஒரு காய்ச்சல் என்று கண்டு 1906-ல் எழுதினார். மணல் ஈ கடிப்பதால் வரும் காய்ச்சல் அது.

எல்லோரும் சொல்கிறார்கள் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். தானே பார்க்க வேண்டும், எண்ண வேண்டும். அந்தக் குணம் கடைசி வரை அவரை விடவில்லை.

ஒரே வாய்க்கால், எட்டு ஊர்

1904-ல் கில்கிட்டுக்கு மாற்றல் ஆனது. அப்போது அது காஷ்மீர் ராஜ்யத்தைச் சேர்ந்த மலைப்பகுதி. ஏழு ஆண்டுகள் அங்கே டாக்டராக இருந்தார்.

கில்கிட்டில் அவர் கண்ணில் பட்ட முதல் காட்சி, கழுத்து. ஆண், பெண், கிழவர், குழந்தை என்ற வித்தியாசம் இல்லாமல் பலருக்கும் முன்கழுத்து வீங்கித் தொங்கியது. சிலருக்கு எலுமிச்சம்பழம் அளவு. சிலருக்குத் தேங்காய் அளவு. முன்கழுத்துக் கழலை என்பது இதுதான்.

ஆற்றங்கரைச் சரிவில் எட்டுக் குடியிருப்புகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே வாய்க்கால் தண்ணீர். மேல் ஊரில் உள்ளவர்கள் குளிப்பார்கள், துவைப்பார்கள், மாடு கழுவுவார்கள். அந்தத் தண்ணீர்தான் அடுத்த ஊருக்குக் குடிநீர். அந்த ஊரின் அழுக்கும் சேர்ந்து அதற்கு அடுத்த ஊருக்குப் போகும்.

மெக்காரிசன் ஊர் ஊராகப் போய்க் கழுத்துகளை எண்ணினார். மேலே உள்ள ஊரில் நூற்றுக்குச் சுமார் 12 பேருக்குக் கழலை. கீழே வர வர எண்ணிக்கை ஏறியது. கடைசி ஊரில் நூற்றுக்குச் சுமார் 45 பேர்! பக்கத்தில் இன்னொரு குடியிருப்பு. அவர்களுக்குத் தனி ஊற்று இருந்தது. அங்கே கழலையே இல்லை.

இதைப் பார்த்தால் யாருக்கும் என்ன தோன்றும்? தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்றுதானே தோன்றும். அவருக்கும் அப்படித்தான் தோன்றியது.

தன் கழுத்திலேயே சோதனை

அழுக்கு வாய்க்கால் தண்ணீரை வடிகட்டினார். வடிகட்டியில் தங்கிய வண்டலை எடுத்தார். அதைச் சம்மதித்த சில இளைஞர்களுக்குக் குடிக்கக் கொடுத்தார். தானும் குடித்தார். தினமும் குடித்தார்.

வாரங்கள் போயின. குடித்தவர்களில் சிலருக்குக் கழுத்து வீங்கத் தொடங்கியது. டாக்டருக்கும் வீங்கியது! வேறு சிலருக்கு அதே வண்டலை நன்றாகக் கொதிக்க வைத்துக் கொடுத்தார். அவர்களுக்கு வீக்கம் இல்லை.

அப்படியானால் கொதியில் சாகும் ஏதோ ஒரு கிருமிதான் காரணம் என்று முடிவு கட்டினார். கழலை வந்தவர்களுக்குக் குடலைச் சுத்தப்படுத்த தைமால் என்னும் மருந்தைக் கொடுத்தார். அது வேறு ஒன்றும் இல்லை, நம் வீட்டு ஓமத்தில் இருக்கும் காரச்சத்துதான். சிலருக்குக் கழலை சுருங்கியது.

இன்று இப்படி ஒரு சோதனை செய்ய எந்த ஆஸ்பத்திரியும் அனுமதிக்காது. மலைநாட்டு இளைஞர்களுக்கு அழுக்கு நீரைக் கொடுத்தது சரியா என்ற கேள்வியும் எழத்தான் செய்யும். மற்றவர்களுக்குக் கொடுத்ததைத் தானும் குடித்தார் என்பதை மட்டும் அவர் பக்கம் சொல்லலாம்.

கழலையைவிடக் கொடுமையான ஒன்றையும் அவர் கில்கிட்டில் பார்த்தார். பிறவியிலேயே ஊமையாகவும் செவிடாகவும் பிறந்த குழந்தைகள். முப்பது வயதிலும் சிறு பிள்ளை உயரமே இருந்தவர்கள். கால் மடங்கி நடக்க முடியாதவர்கள். அறிவு வளராதவர்கள். 200 பேருக்கு மேல் ஒவ்வொருவராகப் பார்த்துக் குறிப்பு எழுதினார். அவர்களுடைய தாய்மார்களின் கழுத்தையும் பார்த்தார். பெரும்பாலும் கழலை இருந்தது.

இந்தக் குழந்தைகளில் இரண்டு வகை உண்டு என்று 1908-ல் எழுதினார். ஒரு வகையில் காதும் பேச்சும் நடையும் கெட்டிருக்கும். மற்றொரு வகையில் உடம்பு வளராது, முகம் உப்பி, தோல் தடித்திருக்கும். இந்தப் பாகுபாட்டை டாக்டர்கள் இன்றும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

கில்கிட்டுக்குப் பக்கத்தில் ஹுன்சா என்ற பள்ளத்தாக்கு. அங்குள்ள மக்கள் திடகாத்திரமாக இருந்ததைக் கண்டு அவர் வியந்தார். கோதுமை, பழம், காய், பால் என்று அவர்கள் சாப்பிட்டதை எழுதிவைத்தார். அதைப் பிடித்துக்கொண்டு பிற்காலத்தில் சிலர், ஹுன்சாக்காரர்கள் 120 வயது வாழ்கிறார்கள் என்றெல்லாம் கதை கட்டிவிட்டார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது.

தொழிலாளியும் மேஸ்திரியும்

தைராய்டு என்பது என்ன? குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்தது போல் ஒட்டிக்கொண்டிருக்கும் சுரப்பி. அது சுரக்கும் சத்து ரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் போகிறது. அடுப்புக்குக் காற்று எப்படியோ, உடம்புக்கு அந்தச் சத்து அப்படி. அது குறைந்தால் உடம்பின் தீ தணிந்துவிடும். குளிர் தாங்காது. எப்போதும் தூக்கம் வரும். மலம் கட்டும். தலைமயிர் உதிரும். தோல் காய்ந்து போகும். குரல் கரகரக்கும். நாடி மெதுவாகத் துடிக்கும். எந்த வேலையும் மலை போல் தெரியும்.

1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், ஆட்டின் தைராய்டில் இருந்து சாறு எடுத்து, இப்படி வாடிய ஒரு பெண்ணுக்கு ஊசி போட்டார். அவள் பிழைத்து எழுந்தாள். அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தாள். அந்தச் சாற்றில் உள்ள சத்தை 1914-ல் அமெரிக்காவில் கெண்டல் தனியாகப் பிரித்து எடுத்தார். இன்றைய மாத்திரையில் இருப்பது அந்தச் சத்துதான். இப்போது ஆட்டைத் தேட வேண்டியதில்லை, ரசாயன முறையில் செய்கிறார்கள்.

தைராய்டு தானாக வேலை செய்யும் சுரப்பி என்றுதான் அந்த நாளில் பலரும் எண்ணினார்கள். அதற்கு மேலே ஒரு மேஸ்திரி உண்டு என்பது மெல்ல மெல்லத்தான் தெரிந்தது.

அந்த மேஸ்திரியின் பெயர் பிட்யூட்டரி. மூளையின் அடியில், மூக்குக்குப் பின்னால், எலும்புக் குழி ஒன்றில் உட்கார்ந்திருக்கும். பட்டாணி அளவுதான். ஆனால் உடம்பில் உள்ள பல சுரப்பிகளை அதுதான் வேலை வாங்குகிறது.

1916-ல் அமெரிக்காவில் பிலிப் ஸ்மித் என்பவர் தலைப்பிரட்டைகளை எடுத்து, அவற்றின் பிட்யூட்டரியை மட்டும் நீக்கினார். தலைப்பிரட்டைகள் வெளுத்துப்போயின. அவற்றின் தைராய்டு சுருங்கியது. அவை தவளையாக மாறவே இல்லை! தைராய்டில் அவர் கை வைக்கவில்லை. மேஸ்திரியை அப்புறப்படுத்தினார். தொழிலாளி படுத்துவிட்டான்.

கழுத்து ஏன் வீங்குகிறது என்பதற்கும் இங்கேதான் விடை. தைராய்டு தன் சத்தைத் தயாரிக்க அயோடின் என்னும் மூலப்பொருள் வேண்டும். அது கிடைக்காவிட்டால் வேலை நடக்காது. மேஸ்திரி சும்மா இருப்பாரா? இன்னும் செய், இன்னும் செய் என்று விரட்டுகிறார். விரட்ட விரட்டத் தொழிலாளி பருத்துப்போகிறான். அதுதான் கழலை.

மேஸ்திரியே நோயில் விழுந்தால்? அயோடின் குவிந்து கிடந்தாலும், தைராய்டு நல்ல நிலையில் இருந்தாலும், வேலை வாங்க ஆள் இல்லை. உடம்பு வாடும். ஆனால் கழுத்து வீங்காது. கழுத்தைப் பார்த்து நோயைத் தேடுகிறவர் கண்ணில் இது படவே படாது.

குன்னூருக்கு வந்தார்

1911-ல் மெக்காரிசனுக்குத் திருமணம் ஆயிற்று. மனைவி பெயர் ஹெலன் ஸ்டெல்லா. 1913-ல் லண்டனில் உள்ள ராயல் காலேஜில் கழலை பற்றிப் பேச அவரை அழைத்தார்கள். அது பெரிய கவுரவம். பிறகு கசௌலியில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் பிராணிகளை வைத்துக் கழலை ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். முதல் உலகப்போர் குறுக்கிட்டது. 1917-ல் தைராய்டு பற்றி அவருடைய பெரிய புத்தகம் வந்தது.

1918-ல் குன்னூர் வந்தார். அங்கே பாஸ்டர் நிலையம் இருந்தது. நாய்க்கடிக்கு மருந்து செய்வதற்காக 1907-ல் திறந்த நிலையம் அது. அதில் ஓர் அறையை மெக்காரிசனுக்கு ஒதுக்கினார்கள். பெரிபெரி நோயை ஆராய வேண்டும் என்பது உத்தரவு.

பெரிபெரி என்றால் கை கால் மரத்து, கால் வீங்கி, இருதயம் நின்றுபோகும் நோய். மில்லில் வெள்ளை வெளேர் என்று தீட்டிய பச்சரிசியையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு வந்தது. தவிட்டோடு சத்து போய்விடுகிறது. புழுங்கல் அரிசி சாப்பிடும் ஊர்களில் இது அதிகம் இல்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் வீட்டுப் பாட்டிமார் காரணம் தெரியாமலே செய்த காரியம்!

மெக்காரிசன் புறாக்களுக்குத் தீட்டிய அரிசியை மட்டும் போட்டார். குரங்குகளுக்கும் சத்தில்லாத தீனி போட்டார். அவை நோயுற்றபின் அறுத்து, ஒவ்வொரு சுரப்பியாக எடுத்து நிறுத்தார். தைராய்டு, பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல், எதையும் விடவில்லை. பசியில் எல்லா உறுப்பும் ஒரே மாதிரி மெலியவில்லை என்று கண்டார். பல உறுப்புகள் சுருங்கின. அட்ரினல் மட்டும் பருத்திருந்தது. சாப்பாட்டுக் குறை, வயிற்றோடு நிற்கவில்லை. சுரப்பிகளையே தாக்குகிறது என்பது அவருக்குப் புரிந்தது. 1921-ல் இதைப் புத்தகமாக எழுதினார்.

கதவைச் சாத்தினார்கள்

இந்த நேரத்தில் இடி விழுந்தது. போர் முடிந்து சர்க்கார் கஜானா காலி. செலவைக் குறைக்க ஒரு கமிட்டி போட்டார்கள். எதை வெட்டலாம் என்று அது தேடியது. 1923-ல் மெக்காரிசனின் ஆராய்ச்சியையும் வெட்டிவிட்டார்கள்.

கோடிக்கணக்கான மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், ஏன் சாகிறார்கள் என்று பார்க்க ஓர் ஆள், ஓர் அறை. அந்தச் செலவுகூட அதிகமாகத் தெரிந்தது! இரண்டு ஆண்டுகள் வேலை நின்றது. 1925-ல் மறுபடி கதவு திறந்தது. விட்ட இடத்தில் இருந்து தொடங்கினார். 1928-ல் அந்த அறை, உணவு ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. அவரே முதல் டைரக்டர்.

கோயமுத்தூர் விவசாய ஆராய்ச்சியாளர் பி. விசுவநாத்துடன் சேர்ந்து, தொழு உரம் போட்ட தானியத்துக்கும் ரசாயன உரம் போட்ட தானியத்துக்கும் சத்தில் வித்தியாசம் உண்டா என்று பார்த்தார். அந்தக் கட்டுரை 1926-ல் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிப்பதற்கு உணவைப் பற்றி ஒரு சின்னப் புத்தகமும் எழுதினார்.

235 கிராம், 155 கிராம்

இப்போது எலிக் கதைக்கு வருவோம்.

இந்தியாவில் ஒவ்வொரு பகுதி மக்களும் ஒவ்வொரு விதமாகச் சாப்பிடுகிறார்கள். சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடியர், வங்காளிகள், சென்னை ராஜதானிக்காரர். இந்த ஏழு சாப்பாட்டையும் ஏழு கூட்ட எலிகளுக்குக் கொடுத்தார். ஒரே வயது எலிகள், ஒரே மாதிரிக் கூண்டு. சாப்பாடு மட்டும் வேறு.

சீக்கிய எலிகளுக்கு முழுக் கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், முளைகட்டிய பயறு, பச்சைக் காய், வாரம் ஒருமுறை இறைச்சி. சென்னை எலிகளுக்குக் களைந்து வடித்த வெள்ளைச் சோறு, பருப்பு, கொஞ்சம் காய், எண்ணெய், மிளகாய் மசாலா, சிறிது மோர், தேங்காய், காப்பி.

80 நாள் கழித்து நிறுத்துப் பார்த்தார். சீக்கிய எலி சராசரி 235 கிராம். சென்னை எலி 155 கிராம். ஏழில் கடைசி!

இதைக் கேட்டு வருந்துவதற்கு நியாயம் உண்டு. அவர் எடுத்துக்கொண்டது ஏழை வீட்டுச் சாப்பாடு. கேழ்வரகுக் கூழும் கம்பங்களியும் கீரையும் மீனும் சேர்ந்த நம் கிராமத்துச் சாப்பாடு அந்தக் கூண்டுக்குள் போகவில்லை. ஆனால் தீட்டிய சோற்றை மட்டும் மலையாகக் குவித்துச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று அவர் காட்டியதை மறுக்க முடியாது. மரவள்ளிக்கிழங்கே கதி என்று இருந்த திருவாங்கூர் ஏழைகளின் சாப்பாட்டைக் கொடுத்தபோது, கால் பங்குக்கு மேல் எலிகளுக்கு வயிற்றில் புண் வந்தது. சீக்கியச் சாப்பாட்டு எலிகளுக்கு வரவில்லை.

தைராய்டையும் அவர் மறக்கவில்லை. முட்டைக்கோஸ், சோயா மொச்சை, வேர்க்கடலை இவற்றை எலிகளுக்கு ஏராளமாகக் கொடுத்துக் கழுத்தைப் பார்த்தார். தைராய்டு பருத்தது. இதைப் படித்துவிட்டு யாரும் வேர்க்கடலையைத் தூக்கி எறிய வேண்டாம். எலிக்கு அது பிரதான தீனியாகப் போட்டது. மனிதர் பலவகை உணவோடு அளவாகச் சாப்பிடுவது வேறு.

1933-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1935-ல் மேஜர் ஜெனரல் அந்தஸ்தோடு ஓய்வு பெற்றார். 34 ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்து திரும்பினார். ஆக்ஸ்போர்டில் குடியேறினார்.

தேறாத தாய்மார்கள்

அவர் ஓய்வு பெற்ற இரண்டு ஆண்டில், 1937-ல், கிளாஸ்கோ நகரத்தில் இருந்து ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஹெரால்டு ஷீஹன் என்ற டாக்டர். பிரசவத்தில் அதிக ரத்தம் போன பெண்களைப் பற்றியது.

கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி பெரிதாகிறது. அதற்கு ரத்தம் அதிகம் தேவை. அந்தச் சமயத்தில் பிரசவம் ஆகி, ரத்தம் கொட்டி, நாடி விழுந்தால், பிட்யூட்டரிக்கு ரத்தம் போவது நிற்கிறது. அதன் ஒரு பகுதி செத்துவிடுகிறது. தாய் பிழைத்துக்கொள்கிறாள். ஆனால் பால் சுரப்பதில்லை. மாதவிலக்கு திரும்புவதில்லை. அக்குள் மயிர் உதிர்கிறது. வெயிலிலும் குளிர்கிறது. முகம் வெளுத்து, சோர்ந்து, மூலையில் உட்கார்ந்துவிடுகிறாள். பிள்ளை பெற்றதில் இருந்து அவள் தேறவே இல்லை என்று ஊரார் சொல்வார்கள். சோம்பேறி என்று மாமியார் சொல்வாள். மேஸ்திரி செத்துவிட்டான், அதனால் தைராய்டும் மற்றச் சுரப்பிகளும் படுத்துவிட்டன என்பது யாருக்கும் தெரியாது. கழுத்தில்தான் வீக்கம் இல்லையே!

மெக்காரிசன் கழுத்துகளை எண்ணிய கில்கிட்டுக்குத் தெற்கே இருப்பது காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு. அங்குள்ள டாக்டர்கள் 2005-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பிள்ளை பெற்ற, 20 வயது தாண்டிய பெண்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று தெரிந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பெண்கள் வீட்டிலேயே பிரசவம் ஆனவர்கள்.

பிட்யூட்டரியில் கட்டி வளர்ந்தாலும், தலையில் பலத்த அடி பட்டாலும், மூளையில் அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ நடந்தாலும் இதே நிலை வரலாம்.

இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை என்றால் பெரும்பாலும் டி.எஸ்.எச். என்ற ஒன்றைத்தான் பார்க்கிறார்கள். அது மேஸ்திரி போடும் சத்தத்தின் அளவு. தைராய்டு கெட்டிருந்தால் மேஸ்திரி கத்துவார், எண் ஏறும். மேஸ்திரியே கெட்டிருந்தால் எண் ஏறாது. சரியாக இருப்பது போலவே காகிதத்தில் தெரியும். டி-4 என்ற பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

வைத்தியத்திலும் ஒரு வரிசை உண்டு. பிட்யூட்டரி படுத்தவர்களுக்கு அட்ரினலும் படுத்திருக்கலாம். டாக்டர் முதலில் அதைப் பார்த்து, தேவையானால் அதற்கு மருந்து கொடுத்துவிட்டு, பிறகுதான் தைராய்டு மாத்திரை தொடங்குவார். முறை மாறினால் உயிருக்கே ஆபத்து. பக்கத்து வீட்டு அம்மாவின் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் இங்கே மிகவும் பொல்லாதது.

எங்கே தவறினார்?

கழலைக்குக் கிருமியும் அழுக்கும்தான் முக்கிய காரணம் என்று மெக்காரிசன் நம்பினார். தைராய்டில் அயோடின் இருக்கிறது என்பது ஜெர்மனியில் 1890-களிலேயே தெரிந்துவிட்டது. 1922-ல் சுவிட்சர்லாந்தில் உப்பில் அயோடின் கலந்து விற்கத் தொடங்கினார்கள். அயோடின் குறைவும் ஒரு காரணம் என்று மெக்காரிசன் ஒப்புக்கொண்டார். அதுவே தலையாய காரணம் என்று ஒப்பவில்லை. தன் கண்ணால் எட்டு ஊரையும் எண்ணியவர் அல்லவா? தன் கழுத்திலேயே வீக்கத்தைப் பார்த்தவர் அல்லவா? கண்ணால் கண்டதை விட்டுக்கொடுப்பது எளிதல்ல.

மலைச் சரிவில் மழையும் பனியும் மண்ணில் உள்ள அயோடினைக் கழுவிக்கொண்டு போய்விடுகின்றன. அந்த மண்ணில் விளையும் தானியத்திலும் அது இல்லை, குடிக்கும் நீரிலும் இல்லை. எட்டு ஊருக்கும் அடிப்படைக் குறை அதுதான். அழுக்குத் தண்ணீர் அதன்மேல் கூடுதல் சுமை. அசுத்த நீரில் உள்ள சில பொருள்கள் தைராய்டைக் கெடுக்கும் என்று பிற்கால ஆராய்ச்சிகளும் சொல்கின்றன. ஆகவே அவர் கண்டது பொய்யும் அல்ல. முழு உண்மையும் அல்ல.

இமயமலை அடிவாரத்தில் காங்க்ரா பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே 1956-ல் டாக்டர் வி. ராமலிங்கசாமியும் அவர் குழுவினரும் ஒரு சோதனை தொடங்கினார்கள். ராமலிங்கசாமி ஆந்திராவில் ஸ்ரீகாகுளத்தில் பிறந்தவர். சுமார் 1 லட்சம் மக்கள் வாழும் பகுதியை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு. நடுப் பகுதிக்குச் சாதாரண உப்பு. பிறகு காத்திருந்தார்கள்.

1958-ல் குன்னூர் ஆராய்ச்சிக் கூடம் ஐதராபாத்துக்கு மாறியது. இன்று தேசிய உணவூட்ட நிலையம் என்ற பெயரில் நடப்பது அதுதான். கூடம் இடம் மாறிய இரண்டு ஆண்டில், 1960-ம் ஆண்டு மே 18-ந் தேதி, மெக்காரிசன் ஆக்ஸ்போர்டில் காலமானார். வயது 82.

காங்க்ராவின் கணக்கு 1962-ல் தெரிந்தது. அயோடின் உப்பு சாப்பிட்ட பகுதிகளில் பள்ளிப் பிள்ளைகளின் கழலை பாதியாகவும், பாதிக்கும் கீழாகவும் குறைந்திருந்தது. சாதாரண உப்பு சாப்பிட்ட பகுதியில் குறையவில்லை. அதன் பிறகு அந்தப் பகுதிக்கும் அயோடின் உப்பு மூட்டைகள் போய் இறங்கின.